ஊசிக்கு ஐம்பது வயது

9 ஆகஸ்ட் 1971, திங்கள்

காலையில் குழாயில் ஆரஞ்சு. நேற்று மஞ்சள். முந்தாநாள் பச்சை.

பதினொரு வருஷமாக இதுதான் என் பஞ்சாங்கம். நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால், உடம்பில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நாளில் நீலம் நீலமாகவே நிற்கும். இல்லாத நாளில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, கடைசியில் செங்கல் சிவப்பு. அப்பா பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். முதல் வருஷம் தினமும் என் கையிலிருந்து குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இப்போது கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார் என்று நினைக்கிறேன்.

தங்கை தையல்நாயகியின் ஜாதகம் வாலாஜாபாத்துக்குப் போயிருக்கிறது. ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் பெயர் நமச்சிவாயம்.

14 ஆகஸ்ட், சனி

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் புத்தகப் பதிவேட்டின் மேல் ஒரு முடி கிடந்தது. மூன்று முறை தட்டிவிட்டேன். போகவில்லை. பக்கத்தைத் திருப்பினேன், அடுத்த பக்கத்திலும் கிடந்தது. இடது கண்ணை மூடினால் காணவில்லை.

தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

21 ஆகஸ்ட், சனி

மாதாந்திரச் சோதனைக்குத் துரைக்கண்ணு டாக்டரிடம் போனேன். இன்று அவர் வழக்கத்துக்கு மாறாகக் குஷியாக இருந்தார். இன்சுலினுக்கு ஐம்பது வயசாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் கனடாவில் இரண்டு பேர் நாயின் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஜனவரி பதினொன்றாம் தேதி ஒரு பையனுக்குப் போட்டார்கள். மனிதருக்குப் போட்ட முதல் ஊசி. பையனுக்குப் பதினாலு வயசு. அந்த முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, பன்னிரண்டு நாள் கழித்து மருந்தை இன்னும் சுத்தமாக்கிப் போட்ட பிறகுதான் எழுந்து உட்கார்ந்தான் என்றெல்லாம் சொன்னார். எனக்கும் இந்த நோய் வந்தபோது பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த என்னைச் சாக்குக் கட்டிலில் தூக்கி வந்தது இதே அறைக்குத்தான்.

வரும் ஜனவரி பதினொன்றில் சென்னையில் டாக்டர்கள் கூடி அந்த நாளைக் கொண்டாடப் போகிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஊசியில் வாழ்கிற நாலு பேரை மேடையில் நிறுத்த வேண்டுமாம். அதில் நான் ஒருத்தி.

“மேடையில வந்து நின்னா போதும்மா. ரெண்டு வார்த்தை பேசினா இன்னும் நல்லாருக்கும். இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல.”

உண்மைதான். எதுவும் கேட்டதில்லை. ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். இன்சுலின் கிடைக்காத வாரங்களில் தன் வீட்டு ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்ன கேட்பது. அம்மா என்ன சொல்வாள் என்று தெரியாதா எனக்கு?

22 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள், “அந்த டாக்டருக்குப் பொண்ணு இல்ல.”

அவ்வளவுதான்.

தெருவுக்கு என் வியாதி தெரியாது. எனக்கு ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அம்மா வைத்திருக்கும் பதில் செவ்வாய் தோஷம். யோசித்துத்தான் பொய் சொல்லியிருக்கிறாள். தோஷம் என்றால் என்னோடு நிற்கும். வியாதி என்றால் தையல் மேலும் ஏறும். அக்காளுக்கு இருக்கிறது, தங்கைக்கு வராதா என்பார்கள். இன்சுலின் சீசா வெங்காயக் கூடைக்குப் பின்னால் ஈரமணல் சட்டியில் கிடக்கிறது. யாராவது வந்தால் அதன்மேல் முறம் விழும்.

5 செப்டம்பர், ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா மரகதம்மாள், தாய்மாமன். தையல் கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். அப்பா சாயம் போட்ட நூலில் நெய்தது. பையன் நல்ல மாதிரி. தலை நிமிரவே இல்லை, ஆனால் அவள் காபி கொடுத்தபோது டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினான்.

மரகதம்மாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏம்மா நீ மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேசரிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். சாப்பிட்டேன். முழுவதும். இன்னொரு கரண்டி வைத்தாள், அதையும்.

என் வரன் பற்றிக் கேட்டாள். தோஷம் என்றாள் அம்மா.

6 செப்டம்பர்

செங்கல் சிவப்பு.

12 செப்டம்பர், ஞாயிறு

எதிர்பார்க்காதது நடந்துவிட்டது. தாய்மாமன் தேடிக்கொண்டு வந்தார். தையலைப் பிடித்திருக்கிறது, அதோடு அவருடைய அண்ணன் மகனுக்கும் செவ்வாய் தோஷமாம். தோஷத்துக்குத் தோஷம் சேர்ந்தால் சரியாகிவிடும், இரண்டு பெண்களையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். எத்தனை சந்தோஷமாகச் சொன்னார்.

அம்மா தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நகங்களில் சாயம் என்றைக்கும் போகாது. கடைசியில் நான்தான் பேசினேன். எனக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை, நூலக வேலையே போதும் என்றேன்.

மாமன் முகம் மாறிவிட்டது. எங்கள் பையனைப் பார்க்காமலே வேண்டாம் என்கிறாளே, இத்தனை திமிரா என்று நினைத்திருப்பார். சொம்புத் தண்ணீரைத் தொடாமல் போனார்.

26 செப்டம்பர், ஞாயிறு

இரண்டு வாரமாக வாலாஜாபாத்திலிருந்து தகவல் இல்லை. தையல் பாய் சுருட்டும்போது என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“உன்னால நான் இந்த வூட்லயே கிடக்கணும்னு எழுதியிருக்குது. சொல்லு, நான் என்ன பண்ணேன்?”

எனக்கு வியாதி வந்தபோது அவளுக்கு ஒன்பது வயசு. தீபாவளிக்கு வீட்டில் இனிப்பு செய்வதை அம்மா அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டாள். அதற்கும் இவள் என்ன பண்ணினாள்?

10 அக்டோபர்

பையன் பிடிவாதம் பிடித்தானாம். மரகதம்மாள் இறங்கி வந்துவிட்டாள். தை கடைசியில் நிச்சயம். தையல் இன்று எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

3 நவம்பர், புதன்

நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது இடது கண்ணுக்குள் ஏதோ கொட்டியது. வலி இல்லை. மைக்கூட்டைத் தண்ணீரில் கவிழ்த்தால் எப்படிச் சுருள் சுருளாக இறங்கும், அப்படி. பத்து நிமிஷத்தில் முழுக்கச் சிவந்த கருப்பு. வலது கண்ணால் பதிவேட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

8 நவம்பர், திங்கள்

துரைக்கண்ணு டாக்டர் சன்னலைச் சாத்திவிட்டு விளக்குக் கருவியால் கண்ணுக்குள் பார்த்தார். இடது கண்ணுக்குள் ரத்தம் கொட்டி மறைக்கிறது, பின்னால் எதையும் பார்க்க முடியவில்லை என்றார். வலது கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. கருவியை வைத்துவிட்டு அதைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

கேட்டுவிட்டேன். இது இப்போதுதான் வந்ததா என்று.

“இல்லம்மா. மூணு வருஷமா பார்த்துக்கினுதான் இருக்கேன். சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு வுட்டுட்டேன்.”

மூணு வருஷம். மாசத்துக்கு ஒரு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் கண்ணைப் பார்த்துவிட்டு “நல்லாருக்கே” என்றார். அதே ஆள்தான் என்னை மேடையில் நிற்கச் சொன்னார். பாருங்கள், ஊசி போட்டு வளர்த்த பெண் என்று காட்டுவதற்கு. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் என்னென்ன படிச்சிருப்பேன்? எதையெல்லாம் பார்த்து வெச்சிருப்பேன்? மூணு வருஷம் பழைய புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக்கினு உக்காந்திருந்தேனே.

15 நவம்பர்

சென்னையில் கண் டாக்டரைப் பார்த்தோம். சர்க்கரை பல வருஷம் ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் ரத்தக்குழாய் இப்படி உடையுமாம். வெளிநாட்டில் ஒளியால் சுட்டுப் பார்க்கிறார்களாம், இங்கே இன்னும் பரவவில்லை. இடது கண் வராது. வலது கண் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. பாரம் தூக்காதே, குனியாதே என்றார்.

திரும்பும்போது அப்பா பஸ்ஸில் என் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதில் கனமாக ஒன்றுமில்லை.

6 டிசம்பர், திங்கள்

போர். நூலகத்தில் செய்தித்தாளுக்கு அடிதடி. ஓய்வுபெற்ற தபால்காரர் மயில்வாகனம் நடுவில் நின்று எல்லோருக்கும் உரக்கப் படிக்கிறார். எனக்கும் அது சௌகரியமாக இருக்கிறது.

18 டிசம்பர், சனி

இன்சுலின் வாங்கப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், அந்தக் கனடாப் பையன் பிற்பாடு என்ன ஆனான் என்று. மறைக்க வேண்டாம் என்றேன்.

பதின்மூன்று வருஷம் இருந்தானாம். இருபத்தாறு வயசில் நிமோனியா.

பங்குனி வந்தால் எனக்கு இருபத்தாறு.

20 டிசம்பர்

மறுபடி போனேன். கூட்டத்துக்கு வருகிறேன் என்றேன். ஆனால் கண்ணைப் பற்றியும் சொல்வேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, அது கொண்டாட்டம் அம்மா, இதையெல்லாம் சொல்ல விடுவார்களா தெரியாது என்றார். அப்படியென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

“வா. வந்து சொல்லு,” என்றார் பின்னாலிருந்து.

படம் எடுக்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது. மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார்.

2 ஜனவரி 1972, ஞாயிறு

ஏன் போக வேண்டும்? நாலு நாளாக என்னையே கேட்கிறேன். தையலின் நிச்சயத்துக்கு ஒரு மாசம்தான் இருக்கிறது. நன்றிக்காகவா? கோபத்துக்காகவா? பதினொரு வருஷமாக முறத்துக்குக் கீழேயே இருந்தவள், கண் போவதற்குள் ஒரு தடவையாவது நாலு பேர் எதிரில் இதுதான் நான் என்று நிற்க வேண்டும் போலிருக்கிறது. அது ஒரு காரணமா?

பட்டறையில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். கொதிக்கும் அண்டாவில் நூல் சிட்டத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். புரட்டி முடித்துக் கழியைச் சுவரில் சாய்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அந்த மனுசன் இல்லன்னா நீ ஏது. போய்ட்டு வந்துடலாம். உங்கம்மாகிட்ட கண்ணு டாக்டரைப் பார்க்கன்னு சொல்லிக்கலாம்.”

11 ஜனவரி, செவ்வாய்

போய் வந்தோம்.

பெரிய மண்டபம். மேடைக்குப் பின்னால் ஐம்பது என்று எண் எழுதிப் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசின இரண்டு பேரும் கடவுளுக்கு அடுத்து டாக்டர்கள் என்றார்கள். கைதட்டல். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. தாளை மடித்துவிட்டு மனசிலிருந்து சொன்னேன். என்ன சொன்னேன் என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

“பதினாலு வயசுல சாக வேண்டியவ நான். இந்த மருந்து எனக்குப் பதினொரு வருஷம் குடுத்துது. கண்டுபிடிச்சவங்களையும் போட்டவங்களையும் கும்பிடறேன். இப்போ கண்ணு போய்க்கினு இருக்குது. அது போவும்னு எங்க மாதிரி ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லுங்க. அதுக்கும் ஒரு மருந்து பாருங்க. இன்னொரு அம்பது வருஷம் ஆக்காதீங்க.”

யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். தலைமை வகித்தவர் நன்றி என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். கீழே இறங்கும்போது படிக்கட்டு தெரியாமல் தடுமாறினேன். யாரோ ஒரு பெண் டாக்டர் கையைப் பிடித்தாள். எத்தனை வருஷமாக என்று மெதுவாகக் கேட்டாள், விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எதிரில் ஒரு தடவை பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. என் கண்ணுக்குள்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் டாக்டர் எங்களுக்கு முன் இருக்கையில். சுங்குவார்சத்திரம் தாண்டியது. பிறகு திரும்பாமலே, “நான் சொல்லியிருக்கணும்,” என்றார்.

13 ஜனவரி, வியாழன், போகி

நூலகத்துக்கு வந்த பத்திரிகையில் மூன்றாம் பக்கம். மயில்வாகனம்தான் காட்டினார். இது நீதானேம்மா என்றார். படத்தை மூக்குவரை கொண்டுவந்து பார்த்தேன். நான்தான். இன்சுலின் ஊசியால் உயிர் வாழும் காஞ்சிபுரம் பெண் என்று போட்டிருக்கிறது. நான் பேசினதில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பக்கத்தைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஊரில் வேறு எத்தனை வீட்டுக்கு அந்தப் பத்திரிகை வரும். நான் ஒன்றைக் கிழித்து என்ன.

டாக்டர் மதியமே வந்துவிட்டார். யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், நான் தடுத்திருக்க வேண்டும் என்றார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை.

17 ஜனவரி, திங்கள்

தாய்மாமன் வந்து தையலின் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எங்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்களாவது யோசித்திருப்போம், எங்கள் பையன் ஒருத்தனையும் இதில் தள்ளப் பார்த்தீர்களே என்று அப்பாவிடம் கேட்டார். நான்தான் வேண்டாம் என்று சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

பையன் வந்தானா என்று தையல் கேட்கவில்லை. ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணு டாக்டர்னு சொன்னியே, கண்ணு டாக்டர்னு சொன்னியே என்று அப்பாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

18 ஜனவரி

தையல் என்னோடு பேசவில்லை.

25 ஜனவரி

பேசவில்லை. என் சோற்றை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள். நான் செத்திருக்கணும். அந்தச் சாக்குக் கட்டில்லயே. எல்லாருக்கும் வேலை மிச்சம்.

எழுதியதை அடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அடிக்கவில்லை.

6 பிப்ரவரி, ஞாயிறு

இன்று நிச்சயமாகியிருக்க வேண்டிய நாள். அப்பா விடியும் முன்பே பட்டறைக்குப் போய்விட்டார். அம்மா அடுப்பு பற்றவைக்க மறந்துவிட்டாள்.

21 பிப்ரவரி

வலது கண்ணிலும் சுருள்கள் வந்துவிட்டன. நூலக வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கோணலாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது, மேலதிகாரி இரண்டு முறை படித்தார்.

2 மார்ச், வியாழன்

நடந்ததை அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். காலையில் ஊசியில் கோடு தெரியாமல் ஏற்றிக்கொண்டேன். இருபத்துநாலு யூனிட் என்று நினைத்தேன், நாற்பது வரைக்கும் போயிருக்கும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கிணற்றடியில் வேர்த்துக்கொட்டி, உளறி, விழுந்திருக்கிறேன். அம்மா கத்திக்கொண்டு நின்றாளாம். தையல் வெல்லத்தை நுணுக்கி என் பல்லிடுக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம். கண் விழித்தபோது என் தலை அவள் மடியில். அவள் விரலில் என் பல் பட்டு ரத்தம்.

அப்போதும் பேசவில்லை.

3 மார்ச், வெள்ளி

காலையில் சட்டியிலிருந்து சீசாவை எடுத்தேன். என் கையிலிருந்து யாரோ வாங்கினார்கள். வேகவைத்த ஊசியைத் தட்டிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது.

“எத்தினி?” என்றாள் தையல்.

“இருபத்துநாலு.”

போட்டாள். நாற்பத்தைந்து நாளில் நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

18 ஜூன் 1972, ஞாயிறு

மூன்று மாசமாக எழுதவில்லை. எழுத்து வரியில் நிற்பதில்லை. இதை நான் சொல்லச் சொல்லத் தையல் எழுதுகிறாள்.

நமச்சிவாயத்துக்குச் சித்திரையில் கல்யாணமாகிவிட்டது. இன்று ஆரணியிலிருந்து தையலைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரியவள் எங்கே என்று ஒரு அம்மாள் கேட்டாள். அம்மா தோஷம் என்று தொடங்கினாள், பழக்கத்தில். நான் உள்ளறையில் இருந்தேன். தையல் காபித் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

“எங்க அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. கண்ணு தெரியாது. நான்தான் ஊசி போடறேன். காபி ஆறிடும், சாப்பிடுங்க.”

சாப்பிட்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பமாட்டார்கள் என்று அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அழவில்லை. அப்பா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் தானே கழுவினார்.

இந்த இடத்தில் தையல் பேனாவை நிறுத்திவிட்டாள். தான் சொன்னதை எழுத வேண்டாம் என்கிறாள்.

எழுது என்றேன்.